கம்பளத்தில் நெய்த வாக்கியம்: வாங்கிய உரிமை எப்படித் திரும்பிப் போகிறது?

பராக் ஒபாமா 2010ல் வெள்ளை மாளிகையில் தன் அலுவலக அறைக்கு ஒரு புதுக் கம்பளம் போட்டார். அதன் விளிம்பில் ஐந்து மேற்கோள்கள் நெய்யப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று மார்ட்டின் லூதர் கிங் அடிக்கடி சொன்னது: அறவுலகின் வளைவு நீளமானது, ஆனால் அது நீதியின் பக்கம்தான் வளைகிறது. உண்மையில் அந்தக் கருத்து கிங்குக்கு நூறு வருஷம் முன்பே, அடிமைமுறையை எதிர்த்த தியடோர் பார்க்கர் என்ற பாதிரியார் 1853ல் எழுதியது. கிங் அதைச் சுருக்கி எடுத்துக்கொண்டார். யார் சொன்னால் என்ன, அமெரிக்க லிபரல்களுக்கு அது ஒரு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் பலரைக் குழப்புகிறது. ஒரு கறுப்பினத்தவரை இரண்டு முறை அதிபராக்கிய நாடு, டொனால்ட் ட்ரம்பையும் இரண்டு முறை அதிபராக்கியது. 49 வருஷம் இருந்த கருக்கலைப்பு உரிமை 2022 ஜூன் 24 அன்று ஒரே காலைப் பொழுதில் போனது. ஆனால் தன்பாலினத் திருமண உரிமை போகவில்லை, அதே வருஷம் இன்னும் கெட்டியானது. இது என்ன கணக்கு? சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதா, இல்லை சில இடத்தில் மட்டும்தான் சறுக்குகிறதா?

நான் இதை ஒரு லிபரலாகத்தான் எழுதுகிறேன், சாய்வு இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையில் அதிகம் திட்டு வாங்கப்போவதும் லிபரல்கள்தான்.

முதலில், லிபரல் என்றால் யார்?

தமிழில் இந்தச் சொல்லே பாதிக் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. 1991ல் நரசிம்ம ராவ் அரசு சந்தையைத் திறந்துவிட்டதை தாராளமயம் என்கிறோம். அமெரிக்க லிபரலையும் தாராளவாதி என்றே எழுதுகிறோம், ஆனால் அவர் சந்தைக்குக் கொஞ்சம் கடிவாளம் போடு என்று சொல்கிறவர். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்றால் வலதுசாரிக் கட்சி. ராஜாஜி 1959ல் தொடங்கிய சுதந்திரா கட்சி, லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யத்தை எதிர்த்த வகையில் பழைய ஐரோப்பியப் பொருளில் லிபரல் கட்சிதான். இன்னொரு வேடிக்கை, 1916ல் சென்னையில் தொடங்கிய நீதிக்கட்சியின் முறையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம், ஆங்கிலத்தில் அது சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன். அந்தக் கட்சி ஆட்சியில் இருந்த 1921ல்தான் சென்னை மாகாணச் சட்டசபை, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்காவது ஓட்டு கொடுத்தது. இந்தியாவில் அதை முதலில் செய்த மாகாணம் அதுதான்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு மூன்று அடுக்கு உண்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தவை.

1. பழைய அடுக்கு: ராஜாவும் மதகுருவும் என் பேச்சில், என் சொத்தில், என் வழிபாட்டில் தலையிடாதே. இதில் அரசு என்பது சந்தேகத்துக்குரிய ஆள்.

2. 1930களின் அடுக்கு: பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இல்லாமல் தெருவில் நிற்கிறவனிடம் போய் உனக்குச் சுதந்திரம் இருக்கிறது என்றால் சிரிப்பான். அதனால் அரசு கைகொடுக்க வேண்டும் என்றார் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1935ல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் இதில் முளைத்தது.

3. 1960களின் அடுக்கு: சட்டம் எல்லாருக்கும் பொது என்று எழுதிவைத்தால் போதாது, கறுப்பர்கள், பெண்கள், பிறகு தன்பாலினத்தவர் என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவர வேண்டும்.

இன்று அமெரிக்காவில் லிபரல் என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தவர். முதல் அடுக்கை இப்போது எதிர்த்தரப்புதான் அதிகமாகப் பேசுகிறது.

உரிமை எந்தக் கயிற்றில் கட்டியிருக்கிறது?

உரிமை கிடைத்தது என்று செய்தி வரும்போது நாம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிறோம். அங்கேதான் தவறு. இது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை, இட ஒதுக்கீட்டில் நாம் இதைக் கண்ணால் பார்த்தோம். வகுப்புவாரி உரிமை வெறும் அரசாணையாக இருந்தவரை, 1951ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷம் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. 1992ல் 50 சதவீத உச்சவரம்பு என்று இன்னொரு தீர்ப்பு வந்ததும், 69 சதவீதத்தைச் சட்டமாக்கி 1994ல் ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தார்கள். அரசாணை, சட்டம், சாசனம் என்று ஒவ்வொரு கயிறாக மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அந்தக் கயிறுகள் இவை, மெலிந்ததிலிருந்து தடித்தது வரை:

1. அதிபரின் ஆணை. ஒரு கையெழுத்தில் வரும், அடுத்தவரின் கையெழுத்தில் போகும். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒபாமா நாட்டைச் சேர்த்தார், ட்ரம்ப் வெளியே எடுத்தார், பைடன் 2021ல் திரும்பச் சேர்த்தார், ட்ரம்ப் 2025ல் பதவியேற்ற அன்றே மறுபடி விலக உத்தரவிட்டார்.

2. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகள், ஆயுட்காலப் பதவி. ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் போதும். ஐந்து பேர் மாறினாலும் போதும்.

3. நாடாளுமன்றச் சட்டம். பிரதிநிதிகள் சபை, செனட், அதிபர் என்று மூன்று வாசல். செனட்டில் ஃபிலிபஸ்டர் என்று ஒரு வழக்கம் உண்டு: விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்கு விடவே 100 பேரில் 60 பேர் வேண்டும். மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்பதால், சுமார் 4 கோடி பேர் இருக்கும் கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சம் பேர் இருக்கும் வயோமிங்குக்கும் ஒரே எடை. சட்டம் வருவது கஷ்டம். ஆனால் வந்துவிட்டால் எடுப்பதும் அதே அளவு கஷ்டம்.

4. அரசியல் சாசனத் திருத்தம். இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்மேல் 50 மாநிலங்களில் 38. இதுவரை மொத்தமே 27 திருத்தங்கள்தான்.

5. ஜனங்களின் பழக்கம். இது காகிதத்தில் இல்லை, ஆனால் கடைசியில் இதுதான் தாங்குகிறது. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வதை 1958ல் கேலப் கருத்துக்கணிப்பில் ஆதரித்தவர்கள் 4 சதவீதம். 1967ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய அடுத்த வருஷம்கூட 20 சதவீதம்தான். 2021ல் 94. இதை இனி யாரும் மேடையில் எதிர்த்துப் பேசி ஓட்டு வாங்க முடியாது.

இன்னும் ஒரு சங்கதி. நான்காவது கயிறுகூட, பிடித்து இழுக்க ஆள் இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அதைப் பார்க்க மிஸிஸிப்பிக்குப் போக வேண்டும்.

பஸ்ஸின் நிறம் ரொம்ப மஞ்சள்

அடிமைமுறையை வைத்து வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து, 1870ல் சாசனத்தின் 15ஆவது திருத்தம் வந்தது: இனத்தையோ நிறத்தையோ காட்டி யாருடைய ஓட்டையும் மறுக்கக் கூடாது. அதே வருஷம் மிஸிஸிப்பியிலிருந்து ஒரு கறுப்பர், ஹைரம் ரெவல்ஸ், செனட்டுக்கே போனார். 1877ல், போருக்குப் பிறகு தெற்கில் காவல் இருந்த வடக்கத்தி ராணுவம் பின்வாங்கியது. 1890ல் அதே மிஸிஸிப்பி ஒரு புது மாநில சாசனம் எழுதிக்கொண்டது. அதில் நிறம் என்ற வார்த்தையே வராமல், தலைவரி கட்டணும், சாசனத்தைப் படித்தோ கேட்டோ பொருள் சொல்லணும் என்று நிபந்தனை வைத்து, கறுப்பர்களின் ஓட்டைக் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிட்டார்கள். சாசனத் திருத்தம் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

1962 ஆகஸ்ட் 31. ரூல்வில் என்ற ஊரிலிருந்து 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் இண்டியனோலா கோர்ட் கட்டடத்துக்கு வாக்காளராகப் பதியப் போகிறார்கள். அதில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர், 44 வயது, பருத்திப் பண்ணையில் 18 வருஷமாக வேலை பார்த்தவர். கறுப்பர்கள் ஓட்டுப் போடலாம் என்பதே அந்த மாதம் ஒரு சர்ச் கூட்டத்தில் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பதிவு அலுவலர் மாநில சாசனத்தில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொன்னார். சட்டப்படி இல்லாமல் நடைமுறையில் இருக்கும் சட்டங்களைப் பற்றிய பிரிவு அது. எழுதியது சரியா தப்பா என்று முடிவு செய்வதும் அதே அலுவலர்தான். ஹேமர் தேறவில்லை.

திரும்பி வரும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. குற்றம் என்ன தெரியுமா, பஸ்ஸின் மஞ்சள் நிறம் ரொம்ப அதிகம், ஸ்கூல் பஸ் மாதிரி தெரிகிறதாம். 100 டாலர் அபராதம் கேட்டார்கள், யாரிடமும் அவ்வளவு இல்லை, பேரம் பேசி 30 டாலருக்கு இறங்கினார்கள். ராத்திரி பண்ணை முதலாளி வந்து, பதிவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார். நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று ஹேமர் சொன்னார். அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு ஒருநாள் தேர்விலும் தேறினார்; அப்போதும், தலைவரி கட்டின ரசீது எங்கே என்று கேட்டு ஓட்டுப்போட விடவில்லை.

92 வயதான சாசன உரிமை ஒன்று, ஒரு குமாஸ்தாவின் மேஜையில் இப்படித்தான் நின்றுபோனது.

1965: பாரம் மாறியது

1965 மார்ச் 7, அலபாமாவில் செல்மா என்ற ஊர். ஓட்டுரிமை கேட்டு சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது, மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டியது. முன்வரிசையில் இருந்த 25 வயது ஜான் லூயிஸுக்கு மண்டையோடு உடைந்தது. டிவியில் நாடே பார்த்தது. ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 6 அன்று, லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

இந்தச் சட்டத்தின் சூட்சுமம் அதன் லட்சிய வார்த்தைகளில் இல்லை, அந்த மாதிரி வார்த்தை 1870லேயே இருந்தது. சூட்சுமம் இதில்:

1. எழுத்தறிவுத் தேர்வுக்குத் தடை விழுந்தது.

2. உள்ளூர் அலுவலர் பதிய மறுத்தால், மத்திய அரசின் ஆள் வந்து பதிவார்.

3. முன் அனுமதி. பழைய குற்றம் உள்ள மாநிலங்களும் மாவட்டங்களும் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை ஒரு தெரு தள்ளி வைத்தால்கூட, முன்கூட்டியே வாஷிங்டனிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பிரிவு 5 என்பது இதுதான். எந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் கணக்கு பிரிவு 4ல் இருந்தது.

அதுவரை பாதிக்கப்பட்டவர் கேஸ் போட்டு, வருஷக்கணக்கில் அலைந்து, ஜெயித்து வருவதற்குள் மாநிலம் புதுசாக ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கும். இப்போது நிரூபிக்க வேண்டிய பாரம் மாநிலத்தின் தலையில். மிஸிஸிப்பியில் பதிவு செய்திருந்த கறுப்பர்கள் சட்டத்துக்கு முன் 6.7 சதவீதம், 1967ல் கிட்டத்தட்ட 60. ஜனங்கள் அதேதான், சாசனமும் அதேதான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஒரு பயம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 1965ல், அக்டோபர் 3 அன்று, ஜான்சன் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார், அதுதான் நம் ஆட்களின் கதை. 1917லிருந்து இந்தியர் குடியேறவே தடை, 1923ல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை இல்லை என்று தீர்ப்பு, 1946ல் போனால் போகிறதென்று வருஷத்துக்கு 100 பேர். 1965 சட்டம் இந்த நாட்டு ஒதுக்கீட்டு முறையையே நீக்கியது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பிறகு போன டாக்டர்களும் இன்ஜினியர்களும் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். பிறப்பைப் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்ற வாதத்தை அந்த நாட்டில் செல்லுபடியாக்கியவர்கள், செல்மாவில் அடிவாங்கியவர்கள்.

சரி, இனி சறுக்கல். 2006ல் வாக்குரிமைச் சட்டத்தை மேலும் 25 வருஷத்துக்கு நீட்டிக்க செனட்டில் 98க்கு 0 என்று ஓட்டு விழுந்தது. இவ்வளவு ஒற்றுமை இருக்கும் சட்டத்தை யார் தொடுவார்கள்? 2013 ஜூன் 25, ஷெல்பி மாவட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தொட்டது. முன் அனுமதியை நேராக வெட்டவில்லை. எந்த மாநிலங்கள் என்று சொல்லும் கணக்கு பழசாகிவிட்டது என்று பிரிவு 4ஐ மட்டும் ரத்து செய்தது. பூட்டு கதவிலேயே தொங்குகிறது, சாவியை மட்டும் கழற்றி வீசிவிட்டார்கள். நனையவில்லை என்பதற்காக மழையில் குடையைத் தூக்கி எறிவது போல் இருக்கிறது இது என்று லிபரல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மறுப்புத் தீர்ப்பில் எழுதினார். தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ் ஓட்டுப்போட அடையாள அட்டை கேட்கும், நிறுத்திவைக்கப்பட்டிருந்த தன் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது. வட கரோலினா அந்த வருஷமே ஒரு சட்டம் போட்டது. அது கறுப்பர்களைக் கிட்டத்தட்ட அறுவை சிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைக்கிறது என்று 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி ரத்து செய்தது. இடையில் மூன்று வருஷம் போனது. பாரம் பழையபடி கேஸ் போடுகிறவர் தலைக்கே வந்துவிட்டது.

நம்பிக்கை எதிர்த்தரப்புக்கும் உண்டு

லிபரல்கள் நம்பிக்கை என்ற சொல்லைத் தங்கள் சொத்து மாதிரி வைத்துக்கொண்டார்கள். 2008 ஒபாமா போஸ்டரில் அந்த ஒரே சொல்தான் இருந்தது. ஆனால் கடந்த அரை நூற்றாண்டு அமெரிக்க அரசியலில் நீண்ட, பொறுமையான நம்பிக்கை யாரிடம் இருந்தது என்று கேட்டால், என் பதில் லிபரல்களுக்குப் பிடிக்காது: கருக்கலைப்பை எதிர்த்தவர்களிடம்.

1973 ஜனவரி 22 அன்று, ரோ வழக்கில், 7க்கு 2 என்ற கணக்கில் கருக்கலைப்பு ஒரு சாசன உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லிபரல்கள் விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனார்கள். எதிர்த்தவர்கள் 1974லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் குளிரில் வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள். 1982ல் பழமைவாதச் சட்ட மாணவர்கள் ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் வளர்ந்தவர்கள் பிறகு நீதிபதிகளானார்கள். 1992ல் ஒரு வழக்கில் ரோ மயிரிழையில் தப்பியபோதும் அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை.

கடைசிக் கட்டம் நாற்காலிக் கணக்கு:

1. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்கலியா இறந்தார். தேர்தல் வருஷம் என்று சொல்லி, ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி (ட்ரம்பின் கட்சி) விசாரிக்கவே இல்லை. நாற்காலியை ஒரு வருஷம் காலியாகவே வைத்திருந்தது.

2. 2020 செப்டம்பர் 18 அன்று கின்ஸ்பர்க் இறந்தார். இப்போது தேர்தல் வருஷம் என்ற வாதம் மறந்துபோயிற்று. தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, ட்ரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பேரட் உறுதிசெய்யப்பட்டார்.

3. 2022 ஜூன் 24, டாப்ஸ் வழக்கில் ரோ போனது.

இதில் அநியாயம் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் லிபரல்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2009ல் ஒபாமாவுக்கு செனட்டில் ஒரு சில மாதங்களுக்கு 60 பேர் இருந்தார்கள். ரோவைச் சட்டமாக்கும் மசோதா தன் முதல் முன்னுரிமை அல்ல என்று அவர் அந்த ஏப்ரலில் வெளிப்படையாகவே சொன்னார். அந்த 60 பேரில் எல்லாரும் அதற்கு ஓட்டுப் போட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். முயற்சியே நடக்கவில்லை. இரண்டாம் கயிற்றில் தொங்கிய உரிமையை மூன்றாம் கயிற்றுக்கு மாற்றிக்கட்ட 49 வருஷம் போதவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். பிரச்சினை மாநிலங்களுக்குப் போனதும், ஐந்தாம் கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியவந்தது. ஆறே வாரத்தில், பழமைவாத மாநிலமான கன்சாஸில், உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 சதவீதம் பேர் தோற்கடித்தார்கள். 2023ல் ஒஹையோ உரிமையை மாநில சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. 2024ல் ஃப்ளோரிடாவில் 57 சதவீதம் பேர் ஆதரித்தும் தோற்றது, அங்கே 60 வேண்டும் என்று விதி. அதே தேர்தலில் ட்ரம்புக்கும் உரிமைக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டவர்கள் உண்டு, மிஸூரியில் இரண்டுமே ஜெயித்தன. கட்சிக்கு விழும் ஓட்டும் உரிமைக்கு விழும் ஓட்டும் ஒரே மனசிலிருந்து வருவதில்லை.

ஏன் திருமணம் தப்பியது?

2008 நவம்பர் 4. சிகாகோ பூங்காவில் ஒபாமாவின் வெற்றிக் கூட்டம், அழுகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். அதே நாள், அதே ஓட்டுச்சீட்டில், கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் திருத்தம் 52 சதவீதத்தோடு ஜெயித்தது. ஒபாமாவே அப்போது அந்தத் திருமணத்தை ஆதரிக்கவில்லை. 2012 மே மாதம்தான் மாறினார். அதற்கு முன்பு 1996ல், இத்தகைய திருமணத்தை மத்திய அரசு ஏற்காது என்ற சட்டத்துக்கு செனட்டில் 85 பேர் ஓட்டுப் போட்டார்கள், கையெழுத்துப் போட்டது ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன்.

பிறகு எப்படித் திரும்பியது? கேலப் கணக்கில் 1996ல் ஆதரவு 27 சதவீதம், 2023ல் 71. இவ்வளவு வேகமாக மாறிய கருத்து அமெரிக்காவில் குறைவு. காரணமாகப் பலரும் சொல்வது, எனக்கும் சரியென்று படுவது: தன்பாலினத்தவர் எல்லா வீட்டிலும் பிறக்கிறார்கள். பழமைவாதச் செனட்டரின் மகனாகவும் இருப்பார்கள், அலபாமா பாதிரியாரின் தங்கையாகவும் இருப்பார்கள். அவர்கள் வாய்திறந்து சொல்லத் தொடங்கியதும், எதிர்ப்பு என்பது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு எதிரானதாகிவிட்டது. நிறவெறியில் இந்த வசதி கிடையாது. வெள்ளைக்காரர் வீட்டில் திடீரென்று ஒரு பிள்ளை நான் கறுப்பன் என்று சொல்வதில்லை. அதனால்தான் இரண்டும் ஒரே வேகத்தில் நகரவில்லை.

2015ல் 5க்கு 4 என்று உச்ச நீதிமன்றம் உரிமையைக் கொடுத்தது. அதாவது மறுபடியும் இரண்டாம் கயிறு. ஆனால் 2022ல், ரோவை நீக்கிய தீர்ப்பிலேயே, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய கருத்தில் திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலிக்க வேண்டும் என்றார். இந்த முறை லிபரல்கள் தூங்கவில்லை. ஆறு மாதத்தில், டிசம்பர் 13 அன்று, சட்டம் வந்துவிட்டது. செனட்டில் 61 பேர், 12 குடியரசுக் கட்சியினரும் சேர்த்து. அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. ஒரு மாநிலம் இந்தத் திருமணத்தை நடத்திவைத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை, வேறு மாநிலத்தில் நடந்ததை ஏற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இருந்தாலும் ஐந்து நீதிபதிகளின் மனமாற்றத்தில் முழுசாக அறுந்துவிடாது.

பணத்தால் கட்டும் கயிறு

இன்னொரு வகை உரிமை செலவோடு வருவது. 2010 மார்ச் 23ல் வந்த ஒபாமாகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று தப்பிப் பிழைத்து வந்தது. முன்பே நோய் இருக்கிறவருக்குக் காப்பீடு இல்லை என்று கம்பெனிகள் சொல்வதைத் தடுத்தது, 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம் என்றது. அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. சட்டம் போட்டவர்கள் தோற்றார்கள், சட்டம் நின்றது.

2017 ஜூலை 28, விடிய இன்னும் நேரம் இருக்கும்போது, அதை உடைக்கும் மசோதா செனட்டில் ஓட்டுக்கு வந்தது. மூளைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த குடியரசுக் கட்சி ஜான் மக்கெய்ன், மேஜை முன்னால் போய் நின்று, கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49க்கு 51. அந்தப் படத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதே பக்கம் ஓட்டுப் போட்ட இரண்டு குடியரசுக் கட்சிப் பெண் செனட்டர்களை, சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி, யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்குள் அந்தக் காப்பீட்டில் கோடிக்கணக்கானவர்கள் சேர்ந்துவிட்டார்கள். கையில் கொடுத்த மருந்துச் சீட்டைப் பிடுங்குவது அரசியலில் கஷ்டம்.

ஆனால் பிடுங்காமலே மெலியவைக்க முடியும் என்று 2025 காட்டியது. ஜூலை 4 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டம் ஏழைகளுக்கான மெடிக்கெய்டை வெட்டியது. 2034க்குள் சுமார் 1 கோடி பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் ஆவார்கள் என்பது நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகத்தின் கணிப்பு. ஒபாமாகேர் காப்பீட்டுக்கான கூடுதல் மானியத்தை நீட்டிக்கக் கோரி ஜனநாயகக் கட்சி அரசை 43 நாள் முடங்கவிட்டும் பலன் இல்லை, வருஷக் கடைசியில் அது காலாவதியானது. ஒபாமாகேர் என்ற பெயர் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

செய்தி படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. இது எந்தக் கயிறு? வெற்றி விழாவின் சத்தத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. 2015 ஜூனில் வெள்ளை மாளிகையில் வானவில் விளக்குப் போட்டபோது கயிறு இரண்டாவதுதான்.

2. நிரூபிக்க வேண்டிய பாரம் யார் தலையில்? உரிமை இருக்கிறது, ஆனால் நீ கேஸ் போட்டு வாங்கிக்கொள் என்றால், அது வக்கீலுக்குக் கட்டப் பணம் இருப்பவரின் உரிமை.

3. எதிர்த்தரப்பு வீட்டுக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் விஷயம் முடியவில்லை.

4. இதனால் இன்று பயன்பெறுகிறவர் யார், அவருக்கு அது தெரியுமா? ஒபாமாகேர் வேண்டாம், ஆனால் என் காப்பீட்டைத் தொடாதே என்று சொன்னவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

இந்தக் கேள்விகளோடு பார்த்தால் அந்தக் கம்பள வாக்கியம் எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை, பாதியாகத் தோன்றுகிறது. வளைவு வளைகிறது, ஆனால் வளைப்பது யார் என்று அதில் எழுதவில்லை. கிங் அதைச் சொன்ன இடங்களில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மறுநாள் காலை ஊர்வலம் போக வேண்டியவர்கள், அதனால் அவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. கம்பளத்தில் நெய்தபோதுதான் அந்தப் பாதி விட்டுப்போயிற்று.

செல்மாவில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ் 1987லிருந்து சாகும்வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். 2020 ஜூலையில் அவர் உடலைக் குதிரை வண்டியில் வைத்து அந்தப் பாலத்தைக் கடைசியாக ஒருமுறை கடந்தார்கள். 2013ல் போன சாவியைத் திரும்பக் கொண்டுவரும் மசோதாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் 60 ஓட்டு கிடைக்காமல் 2021லும் 2022லும் நின்றது. பாலம் இன்னும் எட்மண்ட் பெட்டஸ் பெயரில்தான் இருக்கிறது. அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலப் படைத் தளபதி அவர். பெயரை மாற்ற வேண்டும் என்று கோரிக்கை எழுந்தபோது, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று 2015ல் எழுதியவர்களில் லூயிஸும் ஒருவர்.